மனிதன் இறங்கலாம், தெய்வம் இறங்கக் கூடாதா?

2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் சென்னையில் ஓர் இலக்கியக் கூட்டம் நடந்தது. ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடும் நீலம் பண்பாட்டு மையம் நடத்திய கூட்டம் அது. மேடையேறிய இளைஞர்களில் ஒருவர் விடுதலை சிகப்பி. சினிமாவில் உதவி டைரக்டராக இருந்தவர். “மலக்குழி மரணம்” என்று தலைப்பிட்ட ஒரு கவிதையை வாசித்தார். இறங்கினார்.

நடந்தது அவ்வளவுதான். யார் மண்டையும் உடையவில்லை. எந்தக் கோயில் கதவும் பெயர்க்கப்படவில்லை. ஆனால் மே மாதத்தில் அபிராமபுரம் போலீஸ் அவர் மீது வழக்குப் பதிந்தது. கலகம் தூண்டினார், சமூகங்களுக்கிடையே பகை மூட்டினார், மத உணர்வைப் புண்படுத்தினார் என்று பிரிவு மேல் பிரிவாக அடுக்கினார்கள்.

அந்த இளைஞர் செய்த குற்றம் என்ன தெரியுமா? இராமாயணத்து நாயகர்களை மலக்குழியில் இறங்கும் தொழிலாளிகளாகக் கற்பனை செய்தார். பகடி செய்தார். கசப்பான பகடிதான். ஆனால் யாரைப் பார்த்துச் செய்த பகடி? தெய்வத்தைப் பார்த்தா? இல்லை! மனிதனைக் குழியில் இறக்கிவிட்டு, தெய்வத்துக்குத் தேர் இழுக்கும் சமூகத்தைப் பார்த்து!

அந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே திரும்பக் கேட்கிறோம். மனிதன் இறங்கலாம், தெய்வம் மட்டும் இறங்கக் கூடாதா? இறங்குவது அத்தனை கேவலம் என்றால், எந்த நியாயத்தின் பேரில் நம் ஆட்களை இறக்குகிறீர்கள்?

யார் மனம் புண்பட்டது?

இது பட்டணத்துக் கவிஞர்களின் தகராறு, ஒரகடத்துத் தொழிலாளிக்கு இதில் என்ன வேலை என்று எண்ணும் தோழர்கள் நம்மிலேயே இருக்கக்கூடும். அவர்கள் நம் வட்டாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

2019 மார்ச்சில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், ஒரு வீட்டின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் மாண்டார்கள். முதலில் மயங்கியவரைத் தூக்கப் போய் அடுத்தவர், அவரைத் தூக்கப் போய் இன்னொருவர் என்று ஆறு உயிர்! 2021 பிப்ரவரியில், கட்டவாக்கத்தில், ஒரு கேட்டரிங் கம்பெனியின் தொட்டியில் மூன்று பேர். 2022 அக்டோபரில், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், ஒரு சொகுசு விடுதியின் தொட்டியில் மூன்று பேர். நான்கே ஆண்டுகளில், மூன்றே சம்பவங்களில், பன்னிரண்டு பிணங்கள்! எல்லாம் நம் கம்பெனி பஸ் ஓடும் தூரத்துக்குள்.

எப்படிச் சாகிறார்கள்? மூடிய தொட்டிக்குள் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு கிளம்பித் தேங்கி நிற்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிஞ்சினால் மூக்கையே மரத்துப் போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்குபவன் இரண்டொரு மூச்சில் சாய்கிறான். மேலே நிற்கும் கூட்டாளி சும்மா இருப்பானா? குதிக்கிறான், அவனும் சாய்கிறான். கூட வேலை செய்பவனைக் கைவிடாத நல்ல குணமே தொழிலாளியின் உயிருக்கு உலை வைக்கிறது. அதனால்தான் இந்தச் சாவுகள் ஒற்றைச் சாவாக நிற்பதில்லை.

இந்தப் பன்னிரண்டு பேரும் செத்தபோது புண்பட்ட மனங்கள் எங்கே போயிருந்தன? மத உணர்வின் காவலர்களில் எத்தனை பேர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசை கட்டினார்கள்? செத்தவர்களும் சாமி கும்பிட்டவர்கள்தானே! அவர்கள் வீட்டுச் சுவரிலும் சாமி படம் மாட்டித்தானே இருந்திருக்கும்! மனிதன் சாகும்போது மரத்துக் கிடக்கும் மனம், அந்தச் சாவைப் பற்றி ஒருவன் கவிதை வாசித்தவுடன் துடிதுடிக்கிறதென்றால், அதற்குப் பக்தி என்று பெயரா? சாதித் திமிர் என்று பெயர்.

சட்டத்தின் தராசு

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். மனிதக் கழிவை மனிதன் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை இது தடை செய்கிறது. முதல் முறை குற்றம் செய்தவனுக்கு இந்தச் சட்டப்படி அதிகபட்சத் தண்டனை எவ்வளவு? இரண்டு ஆண்டு சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

மத உணர்வைப் புண்படுத்தினால் அதிகபட்சம் எவ்வளவு? மூன்று ஆண்டு!

பார்த்தீர்களா தராசை! உயிரைப் பறிக்கும் குழியில் ஆளை இறக்கினால் இரண்டு. அதைப் பகடி செய்து கவிதை வாசித்தால் மூன்று! உயிர் போய்விட்டால் வேறு பிரிவுகளும் சேரும் என்று வக்கீல்கள் சொல்வார்கள். சேரட்டும். அப்படிச் சேர்ந்து எத்தனை முதலாளிகள் சிறையில் களி தின்றார்கள் என்று அந்த வக்கீல்களே எண்ணிச் சொல்லட்டும்.

புண்படுத்தும் பிரிவு எங்கிருந்து வந்தது? 1927-ல் வெள்ளைக்காரன் தண்டனைச் சட்டத்தில் செருகியது. 295-அ என்று பெயர். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தைத் தூக்கியெறிந்துவிட்டோம், பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவந்தோம் என்று டில்லியில் தம்பட்டம் அடித்தார்கள். புதுச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் அதே பிரிவு 299 என்ற எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுத் தண்டனையும் அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட விலங்குக்குக் காவி வர்ணம் அடித்திருக்கிறார்கள்!

அந்தப் பிரிவின் எழுத்தைத்தான் பார்ப்போமே. வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு அவமதித்தால்தான் குற்றம் என்று அதிலேயே இருக்கிறது. 1957-ல் உச்சநீதிமன்றமும் இதைத்தான் அழுத்திச் சொன்னது. குழியில் சாகும் மனிதனுக்காகப் பேசுபவனிடம் எங்கே இருக்கிறது தீய எண்ணம்? புகாரைக் கையில் வாங்கிய போலீஸ் அதிகாரி இந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும், பேனாவை மூடி வைத்திருப்பார்.

அந்தப் போலீஸ் யாருடைய போலீஸ்? பெரியார் பெயரை நாளுக்கு நூறு தடவை சொன்ன தி.மு.க. ஆட்சியின் போலீஸ். புகார் கொடுத்தவர்கள் இந்துத்துவக் கூட்டத்தார். அது அவர்கள் பிழைப்பு. அந்தப் புகாரைப் பயபக்தியோடு வாங்கி, ஓர் இளைஞன் தலையில் வழக்கை ஏற்றியது யார்? சனாதனத்தை மேடையில் வெளுத்து வாங்குவதும், ஸ்டேஷனில் அதற்கு எழுத்தர் வேலை பார்ப்பதும் ஒன்றோடொன்று ஒட்டுமா என்று நாம் கேட்கிறோம்.

சாவில் என்ன சிரிப்பு?

சரி, இன்னொரு ஆட்சேபணை இருக்கிறது. கண்ணியமான பெரியவர்கள் சொல்வது அது. “தொழிலாளிக்காகப் பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுது பேசலாமே, கோபமாகப் பேசலாமே! சாவில் என்ன கேலி? சாமியை எதற்கு இழுக்க வேண்டும்?”

இவர்களுக்குக் காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துக் கூத்தைக் காட்ட வேண்டும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய பாரதக் கூத்து நடக்கிறது. துரியோதன மகாராஜா கிரீடமும் புஜகீர்த்தியுமாக வருகிறார். அவருக்கு முன்னால் யார் வருகிறான்? கட்டியங்காரன்! ராஜாவை “நீ யாரப்பா?” என்று கேட்கிறான். ராஜா ஒன்று சொன்னால் இவன் வேறொன்றாக வாங்கிக்கொண்டு சபையைச் சிரிக்க வைக்கிறான். புராணத்துக்கு நடுவே ரேஷன் கடையையும் ஊர்ப் பெரிய மனிதரையும் கொண்டுவந்து நிறுத்துகிறான். காப்புக் கட்டி விரதமிருக்கும் பக்தர்கள், சாமி வாசலிலேயே உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். யார் மனமும் புண்படுவதில்லை. நாற்று நடும் பெண்ணுக்கும் ஏர் பிடிக்கும் ஆளுக்கும் சிரிப்புக்கும் சாமிக்கும் சண்டை கிடையாது.

புலவர் மரபிலும் அப்படித்தான். காளமேகம் சிவனையும் திருமாலையும் ஏசுவதுபோல் பாடியதற்கு நிந்தாஸ்துதி என்று பெயர் சூட்டி, பண்டிதர்கள் இன்றும் மேடைகளில் ரசிக்கிறார்கள். காளமேகம் கேலி செய்தால் இலக்கியம். மலக்குழிச் சாவைப் பேச ஓர் இளைஞன் கேலியை எடுத்தால் குற்றம்! கேலிதான் குற்றமென்றால் காளமேகத்தின் மீதல்லவா முதல் வழக்குப் போட வேண்டும்? இவர்களைச் சுட்டது கேலியல்ல தோழர்களே. கேலியில் இருந்த உண்மை.

சாவில் சிரிப்பு எதற்கு என்கிறார்களே, நாம் சொல்கிறோம். அழுகை இவர்களுக்குப் பழகிப் போய்விட்டது. தொழிலாளி பெண்டாட்டி ஆஸ்பத்திரி வாசலில் அழுவது பத்திரிகையில் ஐந்து வரிச் செய்தி. அமைச்சர் இரங்கல் தெரிவிப்பார், செக் கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள். அடுத்த மாதம் இன்னொரு குழி, இன்னொரு அழுகை, இன்னொரு செக். ஆனால் அதே குழியில் தேவாதிதேவர்களை நிறுத்திக் காட்டினால் கண்ணியவான்கள் பதறுகிறார்கள். “ஐயோ, அங்கேயா? அந்த நாற்றத்திலேயா?” என்று அவர்கள் வாயாலேயே வருகிறது. ஆமாம் ஐயா, அங்கேதான்! அந்த நாற்றத்தில்தான் எங்கள் ஆள் நின்றான்! ஆயிரம் மகஜர்கள் வரவழைக்காத பதற்றத்தை ஒரு பகடி வரவழைத்துவிட்டது. சிரிப்பின் வேலை அதுதான்.

கேலி வேண்டாம் என்போர் டில்லிக்குப் போய் முதலில் அங்கே நடந்த கேலியை நிறுத்தட்டும். 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் மாநிலங்களவையில் என்ன சொன்னார்? மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதால் நேர்ந்த சாவு ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று சொன்னார்! சாக்கடையில் இறங்கிச் சாவது ‘அபாயகரமான துப்புரவு’ என்ற வேறு கணக்காம். அந்த வேறு கணக்கை எடுத்தால், 1993-லிருந்து செத்தவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இருநூறுக்கு மேல். நாட்டிலேயே அதிகம் நம் மாநிலத்தில்தான் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. பெயரை மாற்றிப் பிணத்தை மறைக்கும் இந்த வித்தையைவிடக் குரூரமான நகைச்சுவையை எந்தக் கவிஞன் எழுதிவிட முடியும்? அதற்கு வழக்கு உண்டா?

எழுபது வருஷத்து வியாதி

மேடைச் சிரிப்பைக் கண்டு அரசாங்கம் நடுங்குவது புதிதல்ல. 1876-ல் கல்கத்தா நாடக மேடையில் வங்காளிகள் அதிகாரிகளையும் அவர்களுடைய துதிபாடிகளையும் நையாண்டி செய்தார்கள். உடனே வெள்ளைக்காரன் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் போன பிறகும் சட்டம் போகவில்லை. 1953-ல் திருவாங்கூர்-கொச்சியில், தோப்பில் பாசி எழுதிய “நிங்ஙள் என்னெ கம்யூனிஸ்டாக்கி” நாடகத்தை அதைக் காட்டித்தான் தடுத்தார்கள். தடை நிற்கவில்லை, நாடகம் நின்றது.

1954-ல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? எம்.ஆர். ராதா இராமாயணத்தை மேடையில் கேலி செய்து நாடகம் போட்டார். சனாதனிகள் கூக்குரலிட்டார்கள். காங்கிரஸ் அரசு நாடகங்களுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. பல்லாண்டுகள் கழித்து, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில்தான் அந்தச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது சென்னை உயர்நீதிமன்றம். 1954-லும் இராமாயணம், 2023-லும் இராமாயணம்! மத்தியில் ஏறக்குறைய எழுபது வருஷம். கட்சிகள் மாறின, கொடிகள் மாறின, போலீஸ் சட்டையின் துணிகூட மாறியது. கேலியைக் கண்டால் வரும் காய்ச்சல் மட்டும் மாறவில்லை.

இராமானுஜர் பிறந்த ஊர் நம் ஸ்ரீபெரும்புதூர். குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார், அதற்காக நரகம் கிடைத்தாலும் சரி என்றார் என்பது ஊரறிந்த கதை. அந்தக் கதையை மேடையில் சொல்லிக் கைத்தட்டு வாங்கும் பெரியவர்கள், இன்று ஒரு சேரிப்பிள்ளை மேடையேறி ஊர் மறைத்த ரகசியத்தைச் சொன்னால் போலீஸைக் கூப்பிடுவது ஏன்?

நமக்கு இதில் என்ன?

இப்போது, “நமக்கென்ன” என்ற தோழர்களிடம் வருவோம்.

1978-ல் டில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழு “மெஷின்” என்று ஒரு தெருநாடகம் போட்டது. அதன் கரு என்ன? ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் கேட்டது சைக்கிள் நிறுத்த ஓர் இடம், டீ குடிக்க ஒரு காண்டீன். கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. இந்தச் சின்னக் கோரிக்கையையும் பெரிய குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது அந்தச் சின்ன நாடகம். அந்தக் குழுவின் முன்னணியில் நின்றவர் சஃப்தர் ஹாஷ்மி. 1989 ஜனவரி 1-ம் தேதி, டில்லிக்கு அருகே சாகிபாபாத் தொழிற்பேட்டையில், தொழிலாளர் நடுவே நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது குண்டர்கள் தாக்கினார்கள். மறுநாள் ஹாஷ்மி உயிர்நீத்தார். வயது 34. அன்று ஒரு தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4-ம் தேதி ஹாஷ்மியின் மனைவி மாலயஸ்ரீ அதே இடத்துக்குத் திரும்பி வந்து, பாதியில் நின்ற நாடகத்தைத் தோழர்களோடு நடத்தி முடித்தார்.

நாலு பேர் நின்று நடிக்கும் தெருநாடகத்தை ஏன் கொலைகாரர்கள் குறிவைத்தார்கள்? காரணம் இருக்கிறது. நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிடலாம். ஆனால் முதலாளியையும் அவன் அடியாளையும் பார்த்து நூறு பேர் ஒன்றாகச் சிரித்துவிட்டால், அந்தப் பயம் மறுபடி வந்து ஒட்டுவது கஷ்டம்.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வரை நம் தொழிற்பேட்டை பயத்தின் மேல்தான் ஓடுகிறது. பர்மனென்ட் ஒரு சிலர். காண்ட்ராக்டும் ட்ரெய்னியும் ஏராளம். நேற்று இந்த நிலத்தில் நெல் நட்டவர் மகன் இன்று அதே நிலத்தில் லைனில் நிற்கிறான். பேசினால் நாளை கேட்டில் கார்டு வேலை செய்யாதோ என்று வாயை மூடிக்கொள்கிறான். 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காகச் சுங்குவார்சத்திரத்தில் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தபோது, அவர்கள் பந்தலைக்கூடப் பிய்த்தெறிந்தது போலீஸ். ஆனாலும் 37 நாள் நின்றார்கள். பயம் முதலாளியின் கூலி வாங்காத சூப்பர்வைசர். அவனை வேலையை விட்டு விரட்டும் ஆயுதங்களில் ஒன்று சிரிப்பு.

இன்று கவிஞன் மேடையில் கேலி செய்யக் கூடாது என்று போலீஸ் சொல்வதை நாம் கேட்டுக்கொண்டிருந்தால், நாளை கேட் கூட்டத்தில் கம்பெனியைக் கேலி செய்து பாடும் நம் பையன் மீதும் அதே பிரிவு பாயும். 2015-ல் திருச்சியில் பாடகர் கோவன், சாராயக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக ராஜத்துரோகக் குற்றத்தில் கைதானதை மறந்துவிட்டோமா? அங்கே மதமும் இல்லை, சாமியும் இல்லை. அரசாங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். அது போதுமானதாக இருந்தது.

நாம் கேட்பது

மேடையில் படித்ததற்கும் பாடியதற்கும் நடித்ததற்கும் எழுத்தாளர், கலைஞர் மீது போடும் வழக்குகளை அரசு வாபஸ் பெற வேண்டும். புகார் வந்தவுடன் வழக்கு என்ற அடிமைப் பழக்கத்தைப் போலீஸ் கைவிட வேண்டும்.

குழியில் ஆள் செத்தால், லாரிக்காரரையும் மேஸ்திரியையும் மட்டும் பிடித்துக் கணக்கை முடிக்கக் கூடாது. தொட்டியின் சொந்தக்காரன் கம்பெனியானாலும், விடுதியானாலும், காண்ட்ராக்டரானாலும் முதல் குற்றவாளியாக நிற்க வேண்டும். உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 20-ல் நிர்ணயித்த 30 லட்ச ரூபாய் நஷ்டஈடு, குடும்பத்தை அலையவிடாமல் போய்ச் சேர வேண்டும். ஒவ்வோர் ஊராட்சிக்கும் இயந்திரம் வேண்டும். கம்பெனி, ஹாஸ்டல், ஹோட்டல் எதிலும் மனிதன் இறங்கக் கூடாது.

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மாதம் ஒரு மாலை, ஷிப்டு முடிந்த நேரத்தில், ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் கவிதை வாசிக்க, பாட, நடிக்க மேடை போடுங்கள். லைனில் நிற்கும் பெண்களும், ஹாஸ்டலில் எட்டுப் பேராக ஒரே அறையில் கிடக்கும் பையன்களும், களத்துமேட்டில் வேலை தேடி நிற்கும் கூலிகளும் அதில் ஏறட்டும். சூப்பர்வைசரையும் மந்திரியையும் மலக்குழி முதலாளியையும் கேலி செய்யட்டும். விடுதலை சிகப்பி போன்ற இளைஞர்களை அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எத்தனை மேடைக்கு வழக்குப் போடுகிறார்கள் என்று பார்ப்போம்!

சாமி குழியில் இறங்குவதாகப் பாடியதற்கு மனம் புண்பட்டோர்க்கு ஒரே ஒரு வழி சொல்கிறோம். இனி எந்த மனிதனும் குழியில் இறங்காதபடி செய்யுங்கள். அந்தக் கவிதைக்கு அப்புறம் வேலையே இருக்காது.